இடுப்பளவு

பதிவறை ஜன்னல் என் கழுத்தளவுக்குத்தான் திறக்கும்.
குனிந்து சொன்னேன்:
செல்லத்துரை இரட்ணவேல், வயது நாற்பத்தொன்பது,
பதினோராம் வார்ட், மாசி ஆறாம் தேதி விடியப்புறம்.
மிச்சத்தைக் கணினியில் ஜெஸீமாவே வாசித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன முறை?"
தங்கச்சி.
"மனுசி இருக்காவா?"
இருக்கிறா. மட்டக்களப்பில், ஒன்பது வருசமாய் வேறாக.
"அப்ப அவதான் வரணும்.
இல்லாட்டிக் கோட்டுக் கடிதம்.
உசிரோட இருக்கக்குள்ள அவர் ஒப்பம் வெச்சிருந்தா
அதுவும் சரி."

விண்ணப்பத்தில் 'காரணம்' என்றொரு கோடு,
அதிலும் பாதி முத்திரைக்கு விட்ட இடம்.
அந்தப் பாதிக் கோட்டுக்குள் எழுதவேண்டும்:
என் வயிற்றில் இடப்பக்கம் ஒன்று இருக்கிறது,
குடும்பத்தில் ஆருக்கும் முந்தி இருந்ததா என்று
கிளினிக்கில் டொக்டர் கேட்கிறார்,
பதில் உங்கள் இரும்புத் தட்டில் இருக்கிறது.
எழுதினேன்: சொந்தத் தேவை.

ஜெஸீமா கெட்டவள் இல்லை.
எண் சரிபார்க்கவென்று கோப்பை எடுத்து வந்து
முகம் கீழே இருக்க மேசையில் வைத்தாள்.
இருபத்திரண்டு வருசம் துணி தொட்டவள் நான்.
கனம் பார்க்க எனக்குத் திறக்கத் தேவையில்லை.
இரண்டு விரல்.
காய்ச்சலுக்கு மூன்றுதரம் போனேன் என்றவனின் கோப்பு
இரண்டு விரல் கனம்.

வெளியே மதிலோரம் ஒரு மான்
ஆரோ சாப்பிட்டெறிந்த லஞ்ச் சீற்றை மென்றபடி நின்றது.
இந்த ஊரில் மான்கள் எந்த வாசலுக்குள்ளும் போகும்.
அவற்றிடம் ஒருத்தரும் முறை கேட்பதில்லை.

அண்ணா,
சீனன்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
வெள்ளைப் புருவத்தோடு மத்திய வீதிக் கடைக்கு வருவாய்.
கால்சட்டையை மெசினுக்கு மேல் போடுவாய்.
"கொஞ்சம் பிடிச்சுத் தை. இப்ப இதுதான் ஸ்டைல்."

கடையைத் திறந்து அளவுக் கொப்பியை எடுத்தேன்.
இரட்ணவேல். தை. இடுப்பு 36.
சித்திரை, 34½.
ஆடி, 32, பக்கத்தில் என் பென்சில்:
பெல்ட்டுக்கு இன்னுமொரு ஓட்டை.
ஐப்பசி, 29.
கூலி இருநூற்றைம்பது என்று எழுதி
வாங்கவில்லை என்று வெட்டியும் இருக்கிறேன்.

ஏழு அங்குலம்.
ஏழையும் நான்தான் மடித்துத் தைத்தேன்,
குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு,
'அந்தக் கடைச் சாப்பாடு அலுத்துப்போச்சோ' என்று
பகிடி விட்டுக்கொண்டு.
நீ சிரித்தாய். சிரிக்கும்போது ஒரு கையால்
மெசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாய்.
அதற்கு என் கொப்பியில் ஒரு நிரல் இல்லை.

வியாழன்.
கொப்பியை டொக்டருக்கு முன்னால் விரித்தேன்.
இதற்கும் நீ ஒப்பம் வைக்கவில்லை, தெரியும்.
தெரிந்துகொண்டுதான் விரித்தேன்.
அவர் தமிழ் வாசிக்கமாட்டார். இலக்கங்களை
விரலால் மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு போனார்.
சென்ரிமீற்றரா என்று கேட்டார்.
அங்குலம் என்றேன்.
பேனையை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

"உங்கட அளவு எங்க?"

முன்னும் பின்னும் புரட்டினேன்.
மத்திய வீதி முழுக்க இருந்தது,
பள்ளிக்கூடப் பிள்ளைகள், கலியாணப் பெண்டுகள்,
ஒருதரம் மட்டும் வந்துபோன
ஒரு பொலிஸ்காரனுடையதும்.